எங்கள் மேசைக்கே வந்த பயிற்சி

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோயிற்று. அதிலிருந்து ஓய்வூதியர் நண்பர்கள் நாலு பேர் கூடினால் பேச்சில் பாதி இதுதான். பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 11 அதில் ஏறாது என்கிறார்கள். புதிதாக ஒன்று வாங்குவதா, பேரன் சொல்கிறபடி லினக்ஸ் போட்டுக்கொள்வதா, இல்லை நடப்பது நடக்கட்டும் என்று விட்டுவிடுவதா?

எதைப் போடலாம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். எனக்கு வேறொரு கவலை. போட்ட பிறகு யார் கற்றுத்தருவார்கள், எங்கே உட்காரவைத்து, எதை வைத்து? 1972-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 2008-இல் ஓய்வு பெறும்வரை இப்படிப்பட்ட மாற்றங்கள் நான்கைப் பார்த்துவிட்டேன். தட்டச்சுப் பொறியிலிருந்து டாஸ், டாஸிலிருந்து விண்டோஸ் 98, பிறகு எக்ஸ்பி, கடைசியாக லினக்ஸ். நான்கிலும் பெட்டி தகராறு செய்தது குறைவு. கற்றுக்கொடுத்த விதம்தான் எங்களைப் படுத்தியது. ஒரே ஒரு முறை மட்டும் சரியாக நடந்தது. அந்த நான்கு நாட்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் என் கதை கொஞ்சம். பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954-இல் ஆட்சி கைமாறியபோது எனக்கு நான்கு வயது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் சில பள்ளிகளில் பிரெஞ்சுதான் பயிற்றுமொழி. அப்பா காலமானதும் அம்மாவின் ஊரான இந்தப் பக்கம் வந்து, தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, பிறகு அரசுப் பணி. நான் முதலில் கை வைத்த தட்டச்சுப் பொறி பிரெஞ்சுப் பொறி. அதில் மேல் வரிசை ஆங்கிலப் பொறியைப் போல 'க்யூ, டபிள்யூ' என்று தொடங்காது, 'ஏ, இஸட்' என்று தொடங்கும். பிறகு ஆங்கிலம். அதற்கும் பிறகு தமிழ்த் தட்டச்சின் 'யளனக'. மூன்று தரம் விரல்களை அழித்து எழுதியவன் என்பதால், பழக்கத்தை மாற்றுவது எத்தனை வலி என்று எனக்குத் தெரியும். அறிவுக்கு ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும், விரலுக்குப் புரிய மூன்று மாதம் ஆகும்.

கணினிக்குப் பிரெஞ்சில் 'ஓர்தினாத்தர்' என்று பெயர். 1955-இல் ஐ.பி.எம். பிரான்ஸ் நிறுவனம் கேட்டுக்கொண்டதற்காக ஜாக் பெரே என்ற பேராசிரியர் எடுத்துக்கொடுத்த சொல் அது. உலகை ஒழுங்குபடுத்துகிற கடவுளைக் குறித்துப் பழைய நூல்களில் வழங்கியதாம். இயங்குதளத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் இன்னும் சுவையானது. அதில் வரும் 'எக்ஸ்ப்ளுவாத்தாசியோன்' என்ற சொல்லைத்தான் பண்ணை நடத்துவதற்கும் சொல்வார்கள். பெயரிலேயே உளுந்தை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கும். நிலம், மாடு, ஆள், தண்ணீர் எல்லாவற்றையும் மேய்க்கிற மேஸ்திரி மாதிரி, விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி, வட்டு எல்லாவற்றையும் மேய்க்கிற மென்பொருள்தான் இயங்குதளம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அலுவலகம் எந்தத் துறை, எந்தக் கட்டடம் என்பதெல்லாம் வேண்டாம். பதினோரு பேர். விண்டோஸ் 98 போட்ட கணினிகள் இரண்டு இருந்தன. அப்போது நாங்கள் விழுப்புரம் மாவட்டம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல்தானே. ஒரு நாள் விழுப்புரத்தில் பயிற்சி என்று ஓலை வந்தது. போனோம். ஐந்தாறு அலுவலகங்களிலிருந்து அறுபது பேர், கணினிகள் இருபது. ஒரு பெட்டிக்கு மூன்று பேர் என்றால் நடுவில் உட்கார்ந்தவர்தான் பயிற்சி பெற்றவர், மற்ற இருவரும் பார்வையாளர்கள். மணிச்சட்டத்தில் தொடங்கி சார்லஸ் பாபேஜ் வழியாக மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். பிற்பகலில் எக்ஸ்பியில் படம் வரையச் சொன்னார்கள். நான் ஒரு தென்னை மரம் வரைந்தேன். மாலையில் சான்றிதழ்.

மறுநாள் அலுவலகம் வந்தால் எங்கள் பெட்டியில் இருப்பது 98. அங்கே பச்சையாக இருந்த பொத்தான் இங்கே சாம்பல் நிறம். அச்சுப்பொறியைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. எங்கள் வேலையில் முக்கால் பங்கு அச்சடிப்பதுதான்.

எங்கள் டைப்பிஸ்ட் அம்மா தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை தேறியவர். அவர் அடித்த கடிதத்தை ஒப்புநோக்க உட்காருவது நேரத்தை வீணாக்குவது என்று கண்காணிப்பாளரே சொல்வார். இருபத்தெட்டு வருட சர்வீஸ். கணவர் இல்லை, ஒரே பெண் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். விழுப்புரம் போய்வந்த மறுவாரம் விருப்ப ஓய்வுக்கு மனு எழுதித் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டார். யாரிடமும் கொடுக்கவில்லை. தேதி போடாமல் வைத்திருந்தார். எனக்குத் தெரிந்தது எப்படியென்றால், விதி எண்ணைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம்தான் காட்டினார்.

"ஏம்மா, இன்னும் அஞ்சு வருஷம் இருக்கே, பொண்ணு படிப்பு முடியட்டுமே" என்றேன்.

"சார், பதினெட்டு வயசுப் பசங்க முன்னாடி கைய நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்க என்னால முடியல சார்" என்றார்.

இந்த நிலையில்தான் 2007 வந்தது. எல்காட் நிறுவனம் தன் சொந்த அலுவலகத்துக் கணினிகளை சூசி லினக்ஸுக்கு மாற்றிக்கொண்ட காலம் அது. அப்போது அதன் மேலாண்மை இயக்குநர் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். உரிமக் கட்டணம் இல்லை, வைரஸ் தொல்லை குறைவு என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு சி-டாக், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து 'பாஸ்' என்ற இந்திய இயங்குதளத்தையும் வெளியிட்டது. எங்களுக்கும் சூசி போட்ட நான்கு பெட்டிகள் வந்து இறங்கின. திரையில் ஒரு பச்சைப் பச்சோந்தி. டைப்பிஸ்ட் அம்மா அதைப் பார்த்துவிட்டு இழுப்பறையைத் திறந்து மனுவைத் தொட்டுப் பார்த்ததை நான் கவனித்தேன்.

எங்கள் நல்ல காலம், அப்போதைய அதிகாரி கொஞ்சம் பிடிவாதக்காரர். "என் ஆட்களை அனுப்பமாட்டேன், பயிற்சியாளர் இங்கே வரட்டும்" என்று எழுதிவிட்டார். வந்தவனுக்கு இருபத்தாறு வயதிருக்கும். திருநாவலூர்ப் பக்கத்துப் பையன். ஒரு பையும் நாற்பது பக்க நோட்டும் கொண்டுவந்தான்.

முதல் நாள் அவன் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்தான். "காலைல வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க ஐயா? அதுக்கப்புறம்? அந்தக் கடிதத்த எங்க வைப்பீங்க? அடுத்த மாசம் அதையே தேடணும்னா?" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டான். கண்காணிப்பாளருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, பாடம் எப்ப ஆரம்பிக்கப் போற?" என்றார். "நான் படிச்சு முடிச்சதும் சார்" என்றான்.

மாலை ஐந்தே முக்காலுக்குத்தான் அவனுக்கு முக்கியமான விஷயம் கிடைத்தது. எங்கள் அலுவலக உதவியாளர் வழக்கம்போல எல்லோரும் கிளம்பியதும் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தார். பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே. இவன் தலையில் கை வைத்துக்கொண்டான். லினக்ஸ் பெட்டியை அப்படி அணைத்தால், மறுநாள் காலையில் அது வட்டைச் சரிபார்த்துவிட்டுத்தான் எழும். அதற்குள் ஆட்கள் 'பெட்டி கெட்டுப்போச்சு' என்று முடிவு கட்டிவிடுவார்கள். விழுப்புரம் பயிற்சிக்கு அலுவலக உதவியாளரை யார் அழைத்தார்கள்? மறுநாள் முதல் பாடம் அவருக்குத்தான். நான்கு பெட்டிகளையும் முறையாக அணைத்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது நாங்கள் கைதட்டினோம். கேலிக்கு இல்லை.

இரண்டாம் நாள் கோப்புகள். லினக்ஸில் 'சி டிரைவ், டி டிரைவ்' என்று கிடையாது. எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கும். இதை அவன் எங்களைப் பதிவறைக்கு அழைத்துப்போய்ச் சொன்னான். அறை ஒன்று, அதற்குள் அலமாரி, அலமாரிக்குள் கட்டு, கட்டுக்குள் கோப்பு. "உங்களுக்கு இது முப்பது வருஷமாத் தெரியும். பெட்டிக்குள்ளயும் இதேதான்." 'ரூட்' என்ற பயனர் யார் என்று ஒருவர் கேட்டார். "பீரோ சாவி வெச்சிருக்கிறவர். உங்களுக்கு வேண்டியது உங்க இழுப்பறைச் சாவி மட்டும்தான். பீரோ சாவி உங்ககிட்ட இல்லாததாலதான் நீங்க எத அமுக்கினாலும் ஆபீஸ் இடிஞ்சு விழாது" என்றான். எனக்குத் தெரிந்து அறையில் பயம் போனது அந்த வாக்கியத்தில்தான்.

எங்கள் பழைய பெட்டியில் கோப்புகளின் பெயர்களைப் பார்த்துவிட்டு அவன் சிரிக்கவில்லை. கடிதம், புதுக்கடிதம், கடைசி, கடைசி2, உண்மையான கடைசி. தபால் பதிவேட்டிலிருக்கும் ந.க. எண்ணையே கோப்பின் பெயராக வைக்கச் சொன்னான். தன்பதிவேட்டில் எப்படி எழுதுகிறோமோ அப்படியே. ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் மட்டும் கவனம், லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. "தமிழ்ல அந்தத் தொல்லையே இல்ல பாருங்க" என்றான். பென் டிரைவை ஏன் சட்டென்று பிடுங்கக்கூடாது என்பதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான். நாம் 'சேமி' என்றதும் பெட்டி உடனே பென் டிரைவில் எழுதிவிடுவதில்லை, கொஞ்சம் தன் நினைவிலேயே வைத்திருந்து பிறகு எழுதும். "கடிதம் அடிச்சாச்சு, ஆனா இன்னும் டெஸ்பாட்ச் ஆகல. அதுக்குள்ள தபால்காரர இழுத்துட்டுப் போனா எப்படி?"

மூன்றாம் நாள்தான் உண்மையான போராட்டம். எங்கள் பழைய கடிதங்கள் எல்லாம் வானவில் அவ்வையார் எழுத்துருவில் இருந்தன. புதிய பெட்டியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழ். பழைய எழுத்துருக்களில் தமிழ் என்பது வெறும் வேஷம்தான். உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடு, மேலே தமிழ் முகமூடி. முகமூடி இல்லாத பெட்டிக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். யூனிகோடில் தமிழுக்கென்றே சொந்த எண்கள் உண்டு என்பதை அவன் பலகையில் எழுதிக் காட்டினான். (தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்று ஆணையிட்டது 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. நாங்கள் மூன்று வருடம் முந்திக்கொண்டோம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.)

ஆனால் டைப்பிஸ்ட் அம்மாவின் பிரச்சினை எழுத்துரு இல்லை, விசைப்பலகை. புதிய பெட்டியில் தமிழ்99 அமைப்பு இருந்தது. 1999-இல் அரசு அறிவித்த அமைப்பு அது. உயிரெழுத்தெல்லாம் இடக்கைக்கு, மெய்யெழுத்தில் பெரும்பாலானவை வலக்கைக்கு. புதிதாகக் கற்பவனுக்கு அதைவிட எளிதானது இல்லை. ஆனால் இருபத்தெட்டு வருடம் 'யளனக' என்று ஓடிய விரல்களுக்கு, இடக்கைச் சுண்டுவிரலைத் தட்டினால் 'ய' வராமல் 'அ' வருவது, வாசற்படி இருந்த இடத்தில் சுவர் முளைத்த மாதிரி. இரண்டு வரி அடித்தார், எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்தத் தம்பி பின்னால் ஓடவில்லை. பெட்டியில் ஏதோ செய்தான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு போய், "அம்மா, ஒரே ஒரு கடிதம் அடிங்க, பிழையிருந்தா நான் கிளம்பிடறேன்" என்றான். பழைய தட்டச்சு அமைப்பையே யூனிகோடுக்குப் பொருத்தி வைத்திருந்தான். அவர் உட்கார்ந்தார். 'பார்வையில் காணும் கடிதத்தின்பால்' என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடியது. நிற்கவே இல்லை. அந்தக் காலத்துப் பொறியின் சத்தம் மட்டும்தான் இல்லை. அடித்து முடித்ததும் இடப்பக்கம் கையை நீட்டி, இல்லாத நெம்புகோலைத் தள்ளினார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

அச்சடிப்பதில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. கையெழுத்துப் போடும் வரி மட்டும் இரண்டாம் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மென்பொருள் அமெரிக்கக் காகித அளவை வைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். அது 279 மில்லிமீட்டர் நீளம், நம் ஏ4 காகிதம் 297. பதினெட்டு மில்லிமீட்டருக்காக அரசு எத்தனை காகிதம் வீணாக்கியிருக்குமோ. நான்காம் நாள் இதைப் போன்ற சில்லறை விஷயங்களுக்கே போயிற்று. படம் வரையச் சொல்லவே இல்லை.

கண்காணிப்பாளர் மட்டும் கடைசிவரை பெட்டியைத் தொடவில்லை. எதுவானாலும் அச்சடித்துக் கொண்டுவரச் சொல்வார். நான்கு நாள் இல்லை, நாற்பது நாள் கொடுத்தாலும் சிலரிடம் நடக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு இணையத்தில் பிரெஞ்சுச் செய்திகள் படிக்கும் பழக்கம் வந்தது. அந்த நாட்டின் ஜாந்தார்மெரி, அதாவது ராணுவ ஒழுங்கோடு இயங்கும் காவல்படை, இதே வேலையைப் பெரிய அளவில் செய்திருப்பதை அப்போதுதான் அறிந்தேன். அவர்கள் ஒரே நாளில் இயங்குதளத்தை மாற்றவில்லை. விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு 2005-இல் ஓப்பன் ஆபீஸுக்கு மாறினார்கள். பிறகு உலாவியும் மின்னஞ்சலும். காவலர்கள் அன்றாடம் தொடுகிற கருவிகளெல்லாம் பழகிய பிறகு, 2008 முதல் அடியிலிருந்த இயங்குதளத்தை உபுண்டுவாக மாற்றத் தொடங்கினார்கள். 2013-க்குள் 37,000 கணினிகள் மாறிவிட்டன. விரல் பழகிய பிறகு வேரை மாற்றியிருக்கிறார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியும் பல்லாண்டு உழைத்து லினக்ஸுக்கு மாறியது, 2017-இல் திரும்ப விண்டோஸுக்கே போக முடிவு செய்தது. அரசியலா, ஊழியர்களின் புகாரா என்று அங்கே இன்னும் வாதம் ஓயவில்லை. பக்கத்துக் கேரளத்தில், பள்ளி ஆசிரியர்களிலிருந்தே பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களைக் கொண்டு மற்ற ஆசிரியர்களுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுத்தார்கள். ஆசிரியரின் தலைவலி ஆசிரியருக்குத்தானே தெரியும்.

நம்மிடம் 2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, பாஸ் லினக்ஸை நிறுவும்படி துறைகளுக்கு அரசு அறிவுறுத்தியது. மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு பாஸும் இருந்தது. எங்கள் தெருவில் நான் பார்த்த மடிக்கணினிகளில் ஒன்றில்கூடப் பிள்ளைகள் பாஸ் பக்கம் போகவில்லை. அது மட்டமான சரக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து "நீ என்னம்மா செய்யணும்?" என்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். மென்பொருள் இலவசம் என்றதும் பயிற்சிக்கும் செலவில்லை என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்தத் தம்பிக்கு நான்கு நாள் சம்பளம், பஸ் செலவு, டீ செலவு யாரோ கொடுத்திருக்கிறார்கள் அல்லவா?

கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் வேலை பார்த்த ஒரு நண்பர் சொல்வார், ஒரு நாள் பயிற்சி என்று கள்ளக்குறிச்சிக்குக் கூப்பிட்டால், காச்சிராயபாளையம் வழியாக இறங்கி ஏறவே பொழுது போய்விடும் என்று. கற்றது பாதி, மலை ஏறுவதற்குள் மறந்தது மீதி. அங்கேயெல்லாம் பயிற்சியாளர்தான் ஏறிப்போக வேண்டும், ஊழியரை இறக்கக்கூடாது.

டைப்பிஸ்ட் அம்மா முழு சர்வீஸும் முடித்துத்தான் ஓய்வு பெற்றார். மகள் இப்போது சென்னையில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். அந்த மனு என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பயிற்சி முடிந்த வாரத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். நான்கு நாளில் கற்றதைப் பதினோரு வரியில் சார்ட் அட்டையில் தன் கையெழுத்தில் எழுதிப் பெட்டிகளுக்கு மேலே சுவரில் ஒட்டினார். ஓய்வு பெற்று ஏழெட்டு வருடம் கழித்து ஒரு சான்றிதழுக்காக நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். பெட்டிகள் எல்லாம் புதிது, எல்லாவற்றிலும் மறுபடி விண்டோஸ். அட்டை பழுப்பேறிப்போய் அங்கேயேதான் இருந்தது. கோப்புக்கு ந.க. எண்ணைப் பெயராக வைக்கவும், பென் டிரைவைப் பிடுங்காதே, காகித அளவைப் பார், மெயினை அணைக்கும்முன் பெட்டியை அணை. ஒரு இளம் பெண் கடிதம் அடிக்கும் நடுவே நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொண்டாள். முதல் வரியில் மட்டும், 'ஓணானைச் சொடுக்கவும்' என்று இருந்ததில் ஓணானை யாரோ நீல மையில் அடித்துவிட்டு, மேலே 'ஜன்னலை' என்று எழுதியிருந்தார்கள்.